சின்னசாமியின் மேஸ்திரி

மீசை வைத்த ஆம்பிளையைச் சித்தாள் என்று கூப்பிடுவது எந்த ஊர் நியாயம் என்று சின்னசாமி பல வருஷமாக மனசுக்குள் பொருமிக்கொண்டிருக்கிறான். சாந்துச் சட்டி சுமக்கிற பெண்களுக்கு உள்ள பெயர் அது. சாரத்தின் மேல் நின்று சுவர் பூசுகிற அவன் மேஸ்திரி பழனியம்மாவுக்கு இதெல்லாம் காதில் ஏறாது. “இன்னா சித்தாளு, கலவ போட்டுகீறியா, ரசம் வெச்சிகீறியா?” என்று கீழே எட்டிப் பார்ப்பாள்.

புடவைக்கு மேல் புருஷனின் காக்கிச் சட்டை. வாயில் வெற்றிலை. கையில் சாந்து பூசிப் பூசித் தேய்ந்துபோன கரணை. பூசிய சுவரைக் கரணைப் பிடியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். பிடிக்காவிட்டால் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிச் சுரண்டி எறிவாள். வீட்டுக்காரர் எதிரில் நின்றாலும் வார்த்தை மாறாது. பூமிக்கடியில் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்து, மேலே சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற கோரமண்டல் லைன் வீடுகள் குலுங்கினால் மற்றவர்கள் சாமியைக் கூப்பிடுவார்கள். இவள் எந்தச் சுவர் விரிந்தது என்று பார்க்கக் கிளம்பிவிடுவாள். “கீழ தோண்டத் தோண்ட மேல நமக்கு வேல. தோண்டட்டும்.”

அவளும் சட்டி சுமந்தவள்தான். ஒருநாள் ராபர்ட்சன்பேட்டைக்கு மேட்னி பார்க்கப் போன கொத்தனார் திரும்பி வருவதற்குள் சுவரை இவளே பூசி முடித்துவிட்டாள். கரணையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சின்னசாமி நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுத்தவன். முழங்கால் மக்கர் பண்ணியதும் இவளிடம் வந்தான். முதல் நாள், “லெவல் எடு” என்றாள். அவள் கேட்டது ரசமட்டத்தை. சுரங்கத்தில் லெவல் என்றால் ஆழத்தில் இருக்கிற தளம். இவன் அந்த ஞாபகத்தில், “எத்தினியாவது லெவலு?” என்று கேட்டுவிட்டான். போகிற வீட்டிலெல்லாம் காப்பி வருமுன் அந்தக் கதை வந்துவிடும். “கீழ எறங்க கேஜு வரச் சொல்லட்டா, சித்தாளு?”

இத்தனை நாளும் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலைதான். முழு வீடாக ஒன்று இப்போதுதான் வந்தது, ரேஷன் கடை ராஜேந்திரன் வீடு. வாசல் நிலையை நிறுத்துகிற மேஸ்திரிக்கு வெற்றிலைபாக்கு கொடுத்துப் புதுத் துண்டு போர்த்துவது வழக்கம். வாரம் பூராவும் அவளுக்குத் துண்டுப் பேச்சுதான். “பச்ச பார்டரு போட்டதா இருந்தா நல்லாருக்கும், இல்ல?”

போன வெள்ளிக்கிழமை நிலை நின்றது. ராஜேந்திரன் தட்டோடு வந்தார். நிலைக்கு அடியில் சாந்தை அழுத்திக்கொண்டிருந்தவளைத் தாண்டிப் போய்ச் சின்னசாமியின் தோளில் துண்டைப் போட்டார்.

“வாங்கிக்குங்க, மேஸ்திரி.”

பச்சை பார்டர். சின்னசாமிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பழனியம்மா தலை நிமிரவில்லை. வாயில் கெட்ட வார்த்தையும் வரவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“நான் சித்தாளுங்க,” என்றான். “மேஸ்திரி அந்தம்மா.”

துண்டை உருவிக்கொண்டு அவள் பக்கம் போனான். பழனியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாந்து வழிகிற கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, அவன் எதிரில் தலையைக் குனிந்தாள்.

“ரெண்டு கையும் சாந்து. நீயே கட்டிவுடு சித்தாளு. முண்டாசா. இறுக்கிக் கட்டு, குனிஞ்சா அவுந்துடப் போவுது.”