மீன் கேமராவும் வெளிவராத ஆண்டு மலரும்

காப்புரிமை முகவர் என்று என் தொழிலைச் சொன்னால் திருவனந்தபுரத்தில் பாதிப் பேர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்து மெல்ல நகர்ந்துவிடுவார்கள். ஒருவர் புதிதாக எதையாவது கண்டுபிடிப்பார். அதை நான் யாருக்கும் புரியாத ஆங்கிலத்தில் எழுதிச் சென்னை அலுவலகத்தில் மனுப் போடுவேன். அங்கே ஒரு பரிசோதகர் உலகம் பூராவும் தேடிப்பார்த்து, இது ஒன்றும் புதிதில்லை என்று அறிக்கை அனுப்புவார். புதிதுதான் என்று நான் பதில் எழுதுவேன். முப்பது வருஷமாக இந்த வாய்ச்சண்டையில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

கண்டுபிடித்தவர்கள் யார் வந்தாலும் முதல் நாளே ஒரு மிரட்டு மிரட்டி வைப்பேன். மனுப் போடும்வரை வாயைத் திறக்கக்கூடாது. மாமனாரிடம் பீற்றிக்கொள்ளக்கூடாது, வாட்ஸ்அப்பில் படம் போடக்கூடாது. விஷயம் ஒரு நாள் முன்னால் அச்சில் வந்துவிட்டாலும் அது பழசு. சொன்னது நீங்களேதான் என்றாலும் பழசுதான். இதை நான் சொல்லும் தோரணையைப் பார்த்துத் திரும்ப வராதவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட நானே ஒரு பெண்ணின் கண்டுபிடிப்பை, மனுப் போடுவதற்கு முன்னால், படத்தோடு அச்சுக்குக் கொடுத்தேன்.

எனக்கு இன்னொரு முகம் உண்டு. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர். இருபத்திரண்டு வருஷமாக அந்த மலருக்கு நான்தான் ஆசிரியர். போட்டி போட்டு ஜெயித்தேன் என்று நினைக்க வேண்டாம், வேறு யாரும் கை தூக்கவில்லை. பழவங்காடி நகைக்கடை விளம்பரம், சாலைத் தெரு பலசரக்குக்கடை விளம்பரம், மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படம், இவற்றுக்கு நடுவே என்னுடைய தலையங்கம். தலையங்கத்தை நான் நாலு தடவை திருத்தி எழுதுவேன். கர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள். என்ஜினீயரிங் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். அவள் செய்திருந்தது கையில் பிடிக்கிற ஒரு கேமரா, பெரிய டார்ச் விளக்கு அளவு இருக்கும். விசையை அழுத்தினால் ஒன்பது நிற வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மினுக்கும். அதில் இரண்டு நம் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு வெளிச்சத்திலும் மீனைப் படம் பிடித்து, எல்லாவற்றையும் ஒப்பிட்டு, பிடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று திரையில் காட்டும். முட்டைகூடத் தொடாத நான் செவுள், செதில், கண்விழி என்று முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினேன். விழிஞ்ஞம் மீன்பிடித் துறைக்கு ஒரு காலையில் கூட்டிக்கொண்டும் போனாள். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். மீன் விற்கிற அம்மா ஒருத்தி சூரை மீன் ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்து, "முந்தாநாளத்தது, இதுக்கு ஒரு மெஷினா மோளே" என்றாள். பன்னிரண்டு வினாடி கழித்துக் கேமராவும் அதையே சொன்னது. அந்தப் பெண் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் சேற்றில் கொஞ்சம் குதித்தேன்.

அந்த மாசம்தான் மலரில் இரண்டு பக்கம் காலியாகக் கிடந்தது. 'நம் வீட்டுப் பெண்ணின் சாதனை' என்று நானே எழுதி, கேமராவின் உள்ளமைப்பு வரைபடத்தையும் போட்டு நாகர்கோவில் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். விழா ஞாயிற்றுக்கிழமை. மனு அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே போய்விடும் என்பது என் கணக்கு. அவளோ கடைசி நேரத்தில் ஒரு லென்ஸை இடம் மாற்றி, வரைபடத்தை மறுபடி வரைந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து நீட்டினாள். புதன்கிழமை மனுப் போட்டோம். மலரில் எழுதினது எனக்கு நினைவிலேயே இல்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பரிசோதனை அறிக்கை வந்தது. அதற்குள் அவள் வேலையை விட்டிருந்தாள். கொச்சியில் குளிர்பதனச் சாமான் செய்கிற ஒரு கம்பெனி, காப்புரிமை கிடைத்தால் இதை நாங்கள் தயாரிக்கிறோம் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தது. கிடைக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், அவளுடைய ஏழு வருஷ உழைப்புக்கு ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அறிக்கையைத் திறந்தேன். முதல் ஆட்சேபம்: இந்தக் கண்டுபிடிப்பு மனுத் தேதிக்கு முன்பே வெளியாகியுள்ளது. ஆதாரம் ஒன்று: எங்கள் சங்க ஆண்டு மலர், பக்கம் நாற்பத்தொன்று.

சங்கத்தின் வலைத்தளத்தில் மலரை யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். அட்டையில் விழாத் தேதி கொட்டை எழுத்தில். போதாக்குறைக்கு ஒரு போட்டோ: சிறப்பு விருந்தினர் மேடையில் ஜிகினாத் தாள் சுற்றிய பொட்டலத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறார், கீழே 'மலர் வெளியீடு' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் வந்து படித்தாள். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "மாமா, யாரிட்டயும் வாய் தொறக்காதேன்னு எங்கிட்ட எத்தன தடவ சொன்னீங்க" என்று மட்டும் மெல்லக் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். மலர் அன்றைக்கு வெளியாகவே இல்லை.

எங்கள் மலர் ஒரு வருஷம்கூட விழாவுக்கு வந்து சேர்ந்ததில்லை. விளம்பரக்காரர் தாமதம், அச்சகம் தாமதம், என் தலையங்கம் எல்லாவற்றையும்விடத் தாமதம். ஆனால் வெளியிடாமல் விழா நடத்த முடியுமா? அதனால் மலர் அளவுக்கு எதையாவது எடுத்து ஜிகினாத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டி மேடைக்குக் கொண்டுபோவேன். "பிரிக்க வேண்டாம் சார், அப்படியே தூக்கிக் காட்டுங்க, போட்டோவுல பளபளன்னு விழும்" என்று விருந்தினர் காதில் ஓதுவேன். கூட்டத்துக்கு, பிரதிகள் பிறகு வீடு தேடி வரும் என்று அறிவிப்பு. அந்த வருஷம் பிரதிகள் விழா முடிந்து பதிமூன்றாம் நாள் பஸ் பார்சலில் வந்தன. அதாவது மனுப் போட்டுப் பத்து நாளுக்கு அப்புறம்.

இதை அவளிடம் சொன்னபோது அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. எனக்குத்தான் வடிந்தது. இதை நான் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் சங்கத்தின் காதில் பூச்சுற்றினேன் என்று நானே எழுதித் தர வேண்டும்.

"வேற வழியில்ல, அல்லே மாமா?"

"இல்லம்மா."

எழுதினேன். பதினாலு பத்தி. அச்சகத்தின் கடிதம், பார்சல் ரசீது எல்லாம் இணைத்து அனுப்பினேன். சாட்சி சொல்கிறவனே வாதாடுவது அழகில்லை என்பதால், விசாரணையில் அவளே பேசுவது என்று முடிவானது. மற்ற ஆட்சேபங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலாவது மட்டும் அசையவில்லை. விசாரணை அறிவிப்பில் ஒரு வரி: போட்டோவில் விருந்தினர் கையில் உள்ள பொட்டலத்தில் இருந்தது என்ன?

நியாயமான கேள்வி. எனக்கே தெரியாது. எதை எடுத்துச் சுற்றினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அப்போதுதான் இன்னொரு பயம் பிடித்தது. அந்த வாரம் என் மேஜை நிறையக் கிடந்தது அவளுடைய மனுவின் வரைவு நகல்கள்தான். அவசரத்தில் அதையே சுற்றி ஒரு வெளியாள் கையில் கொடுத்திருந்தால் நானே என் கையால் அவள் கதையை முடித்தவன் ஆவேன். இதையும் அவளிடம் சொன்னேன். அவள் கார் சாவியை எடுத்தாள்.

விருந்தினர் ஓய்வுபெற்ற கண் டாக்டர், எங்கள் ஊர்க்காரர், சாஸ்தமங்கலத்தில் வீடு. பொட்டலத்தை அன்றைக்கு அவர் கையோடு எடுத்துப் போயிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்தார். தட்டு நிறைய ஜிகினாப் பொட்டலங்கள், ஊரிலுள்ள சங்கங்கள் அத்தனையும் கொடுத்தவை. ஒன்றைக்கூட அவர் பிரித்திருக்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. ஒரு நாள் எல்லாத்தையும் ஒக்காந்து வாசிக்கணும்னுதான் வச்சிருக்கேன்" என்றார். ரிப்பன் முடிச்சின்மேல் ஒட்டிய சீட்டில் சங்க முத்திரையும் என் கையெழுத்தும் இருந்ததால் எங்களுடையது கிடைத்தது. காப்பாற்றுகிற சாட்சி கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம். நாலு தடவை திருத்திய தலையங்கங்களுக்கு இதுதான் கதியா என்ற எரிச்சல் ஒரு பக்கம். நான் அங்கேயே பிரிக்கப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இப்பப் பிரிச்சா நாமளே உள்ள மாத்தி வச்சோம்னு சொல்லுவாங்க மாமா. அவங்க முன்னால பிரிக்கலாம்."

"உள்ள உன் மனு இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். பொய் சொல்லி வாங்கண்டாம்."

விசாரணை வீடியோவில், கோட்டைப் பக்கம் இருக்கிற என் வீட்டு முன்னறையில். திரையில் சென்னை அதிகாரி, சிரிக்கத் தெரியாத முகம். இஸ்திரி போட்ட சட்டையில் நான் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் நிதானமாக ஆங்கிலத்தில், தன்னுடைய முகவர் இருபத்திரண்டு வருஷமாக வெற்றுப் பொட்டலங்களை வெளியிட்டு வருபவர் என்பதை ஆதாரத்தோடு விளக்கினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் தலையாட்டினேன். அதிகாரி முத்திரையைக் கேமராவுக்கு அருகே காட்டச் சொன்னார். பிறகு, பிரியுங்கள் என்றார்.

அவள் ரிப்பனை இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை நாள் விசேஷங்களுக்கு மட்டும் எட்டிப்பார்த்த பழவங்காடிப் பிள்ளையாரிடம் மானாவாரியாகத் தேங்காய் நேர்ந்தேன். தாள் கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் என் முதுகுக்குப் பின்னால், காப்பி டம்ளரோடு வந்து நின்ற என் மனைவியின் குரல்.

"அடப்பாவி மனுசா, மிக்ஸி புக்கு! ரெண்டு வருசமா வீட்டக் கவுத்துத் தேடுகேன், வாரண்டி கார்டுகூட அதுக்குள்ளதானே இருந்து!"

மைக் திறந்துதான் இருந்தது. அதிகாரி, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அந்தப் பெண் மிக்ஸியின் கையேட்டையும் வாரண்டி கார்டையும் அதற்கு முட்டுக் கொடுத்த அட்டையையும் ஒவ்வொன்றாகக் காட்டி மொழிபெயர்த்தாள். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "மேற்படி மிக்ஸி கையேடு மனுதாரரின் கண்டுபிடிப்பை வெளிப்படுத்தவில்லை என்று பதிவு செய்துகொள்கிறேன்" என்றார். உடனே அவர் பக்கம் வீடியோ அணைந்துவிட்டது. திரும்பி வர ஒரு நிமிஷம் பிடித்தது, வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏழு வாரத்தில் காப்புரிமை கிடைத்தது. அவள் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடிவந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். முப்பது வருஷத்தில் வேறு எந்தச் சான்றிதழுக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நான் மறந்த விஷயம் ஒன்று இருந்தது. காப்புரிமை மனுவோடு கொடுத்த கடுதாசி எல்லாம் அலுவலக வலைத்தளத்தில் ஊர் பார்க்கக் கிடக்கும். அவளைப் பாராட்டலாம் என்று தேடிப் போன யாரோ என் பிரமாணப் பத்திரத்தைப் பிடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அது சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. திட்டத்தான் போகிறார்கள் என்று எடுத்தால், எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒருவர் அதைத் தன் மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினாராம். இன்னொருவர் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று படித்து முடிப்பதற்குள் தன் பஸ்ஸை விட்டுவிட்டாராம். இருபத்திரண்டு தலையங்கங்களுக்கு ஒரு போன் வந்தது கிடையாது.

கடைசியாகக் கூப்பிட்டவர் கண் டாக்டர்.

"பதினாலு பத்தியும் வாசிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொன்னா வருத்தப்படக்கூடாது. ஒம்பதாவது பத்தியில ஒரே வார்த்தை ரெண்டு தடவ வந்திருக்கு."

போனைக் கையில் பிடித்தபடியே ஒன்பதாவது பத்தியைத் திறந்து பார்த்தேன். வந்துதான் இருந்தது. நான் எழுதியதில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன முதல் தப்பு அது. நன்றி டாக்டர் என்று சொன்னேன், அதையும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.