குழல் மேல் துரு விரல்கள்

இது எனக்கு நடந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, புளியமரம், நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், ஓர் அரசாங்க அலுவலகத்தில், கையில் ரப்பர் கையுறை போட்டிருந்தபோது. நான் கற்பனை செய்கிற ஆளும் இல்லை. பதினேழு வருடமாகக் கோப்பு கட்டுகிறவளுக்குக் கற்பனை எங்கிருந்து வரும்?

என் பெயர் ஹஃப்ஸா. காரைக்கால் பக்கம் ஒரு நீதிமன்றத்தில் வேலை. எந்த நீதிமன்றம் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. வழக்கில் போலீஸ் கைப்பற்றுகிற பொருள்களைத் தீர்ப்பு வரும்வரை பூட்டி வைக்கும் அறைக்கு நான்தான் பொறுப்பு. ப்ராப்பர்ட்டி ரூம் என்போம். அரிவாள், சாராயக் கேன், ரத்தம் காய்ந்த சட்டை எல்லாம் அங்கே இருக்கும். அதற்கு நடுவே உட்கார்ந்து நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டவள் நான். அந்தத் துப்பாக்கி வரும்வரை.

குரும்பகரத்து நெடுமாறனின் துப்பாக்கி அது. லைசென்ஸ் உள்ள பழைய இரட்டைக் குழல். வாய்க்கால் மதகை யார் முதலில் திறப்பது என்கிற தகராறில் ஜெனிஷ் என்ற பையன் அதனால் சுடப்பட்டுச் செத்தான். இருபத்து நாலு வயது. அப்பா இல்லை. அம்மா ஜெயமேரி, ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நட்டுப் பிழைக்கிறவர்.

மதகடியில் கிடந்த வெற்றுத் தோட்டாவின் அடியில், விசையை அமுக்கினால் பாய்ந்து குத்துகிற துப்பாக்கி ஊசியின் தடம் இருந்தது. அந்தத் தடம் இந்தத் துப்பாக்கியோடு ஒத்துப்போகிறது என்று தடயவியல் கூடம் அறிக்கை கொடுத்தது. நெடுமாறனின் வக்கீல் விடவில்லை. இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்று மனு போட்டார். நீதிபதியும் சம்மதித்தார். டிசம்பர் 15-ஆம் தேதி அனுப்புவதாக முடிவானது. அதுவரை துப்பாக்கி என் அறையில்.

"ஊசிகிட்ட துரு ஏறிடுச்சுன்னா தடம் மாறிடும். அப்புறம் கேஸ் அவ்ளோதான், பாத்துக்குங்க" என்று அரசு வக்கீல் என்னிடம் சொன்னார்.

கடலுக்கு ஒரு கிலோமீட்டரில் அலுவலகம். ஜன்னல் கம்பியே மூன்று வருடத்தில் உதிர்கிற ஊர். நான் பிடிவாதக்காரி. என் அறையில் இருக்கிற ஒரு பொருளைத் துரு தின்னுமா, பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். போலீஸில் ஆயுதம் பழுது பார்த்து ரிட்டையரான மாறன் ஐயாவை வரவழைத்தேன். தோல் உறையைத்தான் முதலில் தூக்கி எறியச் சொன்னார். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். எண்ணெயை மெல்லிசாகத் தடவ வேண்டும். அலமாரிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிய வேண்டும், அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது.

"எல்லாத்தையும் விட முக்கியம், வெறுங்கையால தொடாதீங்கம்மா. மழைய விட மனுசன் கை மோசம். வேர்வைல உப்பு இருக்குல்ல? ஒரு தடவை தொட்டாப் போதும். நாலாம் நாள் அஞ்சு விரலும் அப்படியே துருவா நிக்கும்."

நீதிபதியிடம் எழுத்தில் உத்தரவு வாங்கினேன். வாராவாரம் புதன்கிழமை, இருவர் முன்னிலையில் அரக்கு முத்திரையை உடைத்து, எண்ணெய் போட்டு, புதுப் பருத்தித் துணியில் சுற்றி, மறுபடி முத்திரை வைக்க வேண்டும். இருவர் என்றால் நானும் அலுவலக உதவியாளர் நூகு நானாவும். நானா என்றால் எங்களுக்கு அண்ணன். ஐம்பத்தெட்டு வயது, அதிர்ந்து பேச மாட்டார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஜெயமேரி அக்கா வந்து என் ஜன்னலில் நிற்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற பிள்ளையை விசாரிப்பது போலத்தான் கேட்பார்.

"துப்பாக்கி நல்லா இருக்குங்களா மேடம்?"

"நல்லா இருக்குக்கா. ஒரு புள்ளி துரு கிடையாது."

"அது போதுங்க. நம்புறதுக்கு எனக்கு வேற சாட்சி யாரு இருக்கா?"

அந்தக் கேள்வி எனக்குத் தூக்கத்தில் கூடக் கேட்கும். அந்த அம்மாவுக்காகவாவது இதைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முந்தைய நவம்பர் 2, புதன். மதியம் 1:40. முத்திரை உடையாமல் இருந்தது. துணியைப் பிரித்தேன். குழல் வாய்க்குப் பக்கத்தில் செம்மண் நிறத்தில் நான்கு கோடுகள். விரல்கள். எதிர்ப்பக்கம் ஒரு கட்டைவிரல்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நானா, கையுறை இல்லாமத் தொட்டீங்களா?"

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். கையுறையை இன்னும் கழற்றவில்லை. போன வாரமும் நான்தான் துடைத்தேன், நான்தான் சுற்றினேன். என் கையிலும் உறை இருந்தது. திட்டிய வாயை மூடிக்கொண்டு எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். தடம் போய்விட்டது.

நவம்பர் 9, மதியம் 1:40. முத்திரை அப்படியே. இந்த முறை இரண்டு கைகள். குழல் வாயிலிருந்து அரைச் சாண் உள்ளே தள்ளி.

நூகு நானா வெகுநேரம் பார்த்தார். பிறகு நாளிதழ் ஒன்றைச் சுருட்டி என் கையில் கொடுத்து, தன்னை நோக்கி நீட்டச் சொன்னார். எதிரில் நின்று இரண்டு கையாலும் அதைப் பற்றினார். தடத்தில் இருந்த மாதிரியே விரல்கள் அமைந்தன.

"இது சுடுறவன் கை இல்ல மேடம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எதுத்தாப்ல நின்னு… தள்ளுற கை."

யாருடைய கை என்று இருவரும் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே பெயர்தான் மனதில் இருந்தது. அந்தப் பையன் சாகும்போது குழலைப் பிடித்துப் போராடியிருக்கிறான். இன்னும் விடவில்லை. எனக்குப் பயத்தை விட அழுகைதான் வந்தது.

நவம்பர் 16. இன்னும் அரைச் சாண். 23. இன்னும் அரை. 30, டிசம்பர் 7. அதேபோல். ஒவ்வொரு வாரமும் நான் துடைத்தேன். ஒவ்வொரு வாரமும் அது நகர்ந்தது. குழலின் அடியை நோக்கி… ஊசியை நோக்கி.

மாறன் ஐயாவுக்குப் போன் செய்தேன்.

"யாரோ தொடுறாங்கம்மா. உப்பு இல்லாம விரல் துரு வராது."

"பூட்டின அலமாரிங்கய்யா."

பல்பு எரிகிறதா என்று மட்டும் கேட்டார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதே வேகத்தில் போனால் டிசம்பர் 14 அன்று ஊசிக்கு வந்துவிடும். 15-ஆம் தேதி சோதனை. ஒரே ஒரு நாள். செத்த பையன் தன் கையாலேயே தன் வழக்கை அழித்துக்கொண்டிருந்தான். அவனிடம் யார் போய்ச் சொல்வது?

டிசம்பர் 9, வெள்ளி. காலையிலிருந்தே புயல் மழை. வாதிகள் யாரும் வரவில்லை. 12:41-க்கு நூகு நானா குடையை எடுத்துக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பினார். அறையில் நான் மட்டும்.

12:47. கரண்ட் போயிற்று. அலமாரி இடுக்கில் தெரிந்துகொண்டிருந்த பல்பு வெளிச்சமும் அணைந்தது.

துப்பாக்கிக்கு ஈரம் ஏறுமே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி ஒரு மடத்தனம்.

12:52.

டக்.

அலமாரிக்குள்ளிருந்து. மரத்தில் இரும்பு இடிக்கிற சத்தம்.

டக்… டக்…

எலி என்று சொல்லிக்கொண்டேன். பிறகு வேறு சத்தம். ஈரக் கை இரும்பில் வழுக்குகிற சத்தம். சர்ர்ர்… நின்றது. மறுபடி… சர்ர்ர்…

கையுறையை மாட்டினேன். சாவி துளையில் நுழைய மறுத்தது. மூன்றாவது தடவைதான் திறந்தது.

வெள்ளைத் துணி சுற்றிய துப்பாக்கி நின்றபடி ஆடிக்கொண்டிருந்தது. முத்திரை உடையவில்லை. ஆனால் துணி… இரண்டு இடத்தில் உள்வாங்கியிருந்தது. எட்டுக் குழி. யாரோ இறுகப் பிடித்தது போல.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல் கை எடுக்கப்பட்டது. அந்த நான்கு குழியும் மெல்ல உப்பி நிமிர்ந்தன.

மற்றக் கைக்கும் கீழே… புதிதாக நான்கு குழி விழுந்தது.

ஊசிக்கு இன்னும் ஒரு கை அளவுதான் பாக்கி.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஜன்னலில் நிற்கும் அந்த அம்மாவின் முகம்தான் கண்ணில் வந்தது. துப்பாக்கியின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

எதிர்ப்பக்கம் யாரோ இழுத்தார்கள்.

பிஸ்மி சொன்னேன்.

"ஜெனிஷ்… விடுப்பா…"

இழுப்பு குறையவில்லை.

"உங்கம்மாவுக்காகத்தான்ப்பா வச்சிருக்கேன்… விடு…"

அம்மா என்றதும் பிடி இறுகியது. கட்டை என் கைக்குள் நடுங்கியது. துணியில் ஈரம் பரவியது. என் விரல் அந்த ஈரத்தில் பட்டது.

சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன்.

சூடாக இருந்தது.

உயிரோடு இருக்கிற ஒருவரின் கை போல… வேர்த்து… சூடாக…

"விடு!" என்று கத்திவிட்டேன்.

விட்டது.

12:58.

நான் மல்லாந்து விழுந்தேன், நெஞ்சின் மேல் துப்பாக்கியோடு. எழுந்து முத்திரையை நானே உடைத்தேன். தனியாக உடைப்பது குற்றம் என்று தெரியும். குழல் முழுக்க வேர்வை. வெறிபிடித்தவள் போலத் துடைத்தேன். எண்ணெய், துணி, மறுபடி எண்ணெய். ஊசித் துவாரத்தில் பஞ்சை விட்டுச் சுழற்றினேன். பூட்டை, விசையை, எதையும் விடவில்லை.

1:35-க்கு நூகு நானா வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன், மடியில் துப்பாக்கி. கிழிந்த துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அரக்கை உருக்க ஆரம்பித்தார்.

டிசம்பர் 14 அன்று பிரித்தோம். ஒரு தடமும் இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று பிரியாணி வாங்கி நானாவுக்கும் கொடுத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது சோதனையிலும் தடம் ஒத்துப்போனது. ஆனால் நேரில் பார்த்த இரண்டு பேரும் கூண்டில் ஏறி, இருட்டாக இருந்தது, சுட்டது யாரென்று தெரியாது என்று பல்டி அடித்தார்கள். துப்பாக்கி மோட்டார் கொட்டகையில் தொங்கியது, யார் எடுத்தார்களோ என்றார் நெடுமாறன். இந்தத் துப்பாக்கிதான் சுட்டது, சரி, சுட்ட ஆள் யார்? ஏப்ரலில் அவர் விடுதலையானார்.

தீர்ப்பன்று ஜெயமேரி அக்கா ஜன்னலுக்கு வந்தார். அழவில்லை.

"துப்பாக்கி நல்லாத்தான இருந்துச்சு மேடம்?"

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

மேல்முறையீட்டுக் காலம் முடிந்தது. லைசென்ஸும் நெடுமாறனுக்குத் திரும்பக் கிடைத்தது. ஜூலையில் துப்பாக்கியை உரியவரிடம் ஒப்படைக்க உத்தரவு வந்தது. நெடுமாறன் என் மேஜைக்கு முன்னால் நின்று குழலை மடக்கிப் பார்த்தார், மூடிப் பார்த்தார், விசையை அமுக்கிப் பார்த்தார். க்ளிக் என்றது.

"நம்ம வீட்ல இருந்தப்பகூட இவ்ளோ சுத்தமா இருந்ததில்லைங்க மேடம்" என்று சிரித்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

ஐப்பசியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. தன் வயலுக்குத் தண்ணீர் வைக்க ஜெயமேரி அக்கா தானே மதகுக்குப் போயிருக்கிறார். நெடுமாறன் துப்பாக்கியோடு வந்தார். இந்த முறை ஏழு பேர் பார்த்தார்கள். ஏழு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அந்த அம்மா ஓடவில்லை. இரண்டு கையாலும் குழல் வாயைப் பிடித்துத் தள்ளினார். நெடுமாறன் குழலை உதற உதற, அக்கா கை மாற்றிக் கை மாற்றி, குழலின் அடி வரைக்கும் ஏறிப் போனார். விசையைப் பிடிக்க இன்னும் ஒரு கை அளவு இருந்தபோது வெடித்தது.

துப்பாக்கி மறுபடியும் என் அறைக்கு வந்தது. மாறன் ஐயா வந்து பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தே அதைச் சொன்னார்.

"பழைய துப்பாக்கிம்மா. ஊசித் துவாரத்துல கொஞ்சம் துரு ஏறியிருந்தாலும் சிக்கியிருக்கும், வெடிச்சிருக்காது. நீங்க வச்சிருந்த சுத்தம் அப்படி."

அன்று வீட்டுக்குப் போய் மூன்று நாள் படுத்துவிட்டேன். ஏன் என்று என் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்றுவரை எனக்கும் விளக்கம் தெரியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று பழைய வழக்குக் கட்டை ஆவண அறைக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தேன். ஜெனிஷின் பிரேதப் பரிசோதனை அறிக்கை கையில் வந்தது. அதைப் படிப்பது என் வேலை இல்லை, அதுவரை படித்ததும் இல்லை. அன்று படித்தேன்.

மதகுக்குக் குனிந்திருந்தபோது, பின்னாலிருந்து, ஏறத்தாழ இருபதடி தூரத்தில் சுடப்பட்டிருக்கிறான். அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கிறது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெனிஷ் அந்தத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.