மேலே பொருத்திய விளக்குகள்

எனக்கு வாய் நீளம். போத்தனூரில் என் எலக்ட்ரிக் கடைக்கு வரும் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒயரைக் கண்டபடி சுற்றிக்கொண்டு எவனாவது வந்தால், "ஏனுங்க, வண்டிக்கு ஒயரிங் பண்ணுனீங்களா, பொங்கலுக்குக் கரும்பு கட்டுனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவேன். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லுவாள். நான் என்னவோ பிழைத்துத்தான் கிடக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் தங்கச்சியை ஆனைமலைக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு வால்பாறையில் மளிகைக் கடை. குடித்தனமும் அங்கேதான். ஏதோ எஸ்டேட்டில் கழித்துக்கட்டிய பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மாப்பிள்ளை முறுக்கு கொஞ்சம் தூக்கல். தலை தீபாவளிக்கு வந்தபோது, மலையில் இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் டீசல் மிச்சம் என்று பந்தியில் பெருமையாகச் சொன்னார். சும்மா இருந்திருக்கலாம். "டீசல் மிச்சமாகுமுங்க மாப்பிள்ளை, ஆளுதான் மிச்சமாக மாட்டாங்க" என்றேன். பந்தியே சிரித்தது. அவர் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு ஆறு மாதம் தங்கச்சி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது, அதற்கும் அவளை அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மா கதவையே பார்த்தபடி இருந்தாள். கடைசியில் அப்பா பழத்தட்டோடு ஆனைமலைக்குப் போய், சின்னப்பையன் ஏதோ வாய்த்துடுக்கில் பேசிவிட்டான் என்று சம்பந்தியிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு முன்னால் பெண் வீட்டார் எல்லோரும் சின்னப்பையன்கள்தான்.

வைகாசியில் இருவரும் வந்தார்கள். இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காபி குடித்து முடித்து மாப்பிள்ளையே என்னிடம் வந்து, "மழை எறங்கறதுக்குள்ள ஜீப்புக்குப் பனிக்குப் போடற பாக் லைட்ட மாத்திப் போடணுங்க மச்சான். நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவராக இறங்கி வந்து கேட்டாரே என்று டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

பழைய விளக்குகள் பம்பருக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் இருந்தன. மஞ்சள் கண்ணாடி. ஒன்று கல்லடிபட்டு உடைந்திருந்தது. இன்னொன்றின் உள்ளே துரு ஏறிக் கறுத்துப் போயிருந்தது. போல்ட்டெல்லாம் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகியதில் ஒன்று ஒடிந்தே போனது, மீதியை ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். விரல் முட்டியில் தோல் வழன்றது. தங்கச்சி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்ணா, வண்டியக் கழட்டறீங்களா, கையக் கழட்டறீங்களா?" என்று சிரித்தாள். ஆறு மாதம் கழித்துக் கேட்கிற சிரிப்பு அது.

மாப்பிள்ளை ஜீப்புக்குள்ளிருந்து புது விளக்குகளை எடுத்துவந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு, பளிச்சென்ற வெள்ளைக் கண்ணாடி. "கீழ வேண்டாமுங்க மச்சான். மேல கேரியர்ல வெச்சுப்போடுங்க. எங்க ஊரு எஸ்டேட் தொரை வண்டியில அப்படித்தான் இருக்குது. பார்க்கவும் கம்பீரமா இருக்குமுங்க."

வால்பாறை ரோட்டில் ஓடுகிற எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவான். பனிக்கு வைக்கிற விளக்கு கீழேதான் இருக்க வேண்டும். வெளிச்சம் பனிக்கு அடியில் புகுந்து ரோட்டைக் காட்டும். மேலே வைத்தால், அதுவும் வெள்ளையில் வைத்தால், வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி ஓட்டுகிறவன் கண்ணிலேயே அடிக்கும். விளக்கே இல்லாமல் போவது அதைவிடத் தேவலாம். கேட்டது ஒரு லாரிக்காரனாக இருந்திருந்தால் அந்த விளக்கைப் பிடுங்கி மூலையில் வைத்துவிட்டு, திட்டியே அனுப்பியிருப்பேன். வாயைத் திறந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை சொல்றதுதானுங்க சரி" என்றார். அப்பாவுக்கு விளக்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

கை கழுவுகிற சாக்கில் பின்னால் குழாயடிக்குப் போனேன். தங்கச்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அம்மணி, மேல வெச்சா பனியில ஒண்ணும் தெரியாது. நீயாவது பக்குவமா சொல்லு" என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"நாஞ் சொன்னா நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு தெரிஞ்சு போயிருமுங்ணா. அவரு கேட்ட மாதிரியே போட்டுக் குடுத்துருங்க. இன்னொருக்கா ஆறு மாசம் அம்மாவப் பார்க்காம என்னால இருக்க முடியாது." பிறகு அவளே, "மெதுவாத்தான் ஓட்டுவாரு, உடுங்க" என்றாள்.

விட்டேன். போட்டுக் கொடுத்தேன். அதுவும் எப்படி! ரிலே தனி, பியூஸ் தனி, எர்த்துக்குப் பெயின்டைச் சுரண்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒயர் ஒரு இடத்தில் கூடத் தொங்காமல் கிளிப் அடித்து. இத்தனை சுத்தமாக என் வாழ்நாளில் எந்த வண்டிக்கும் செய்ததில்லை. ஸ்விட்சைத் தட்டியதும் பட்டப்பகலில் எதிர்வீட்டுச் சுவர் பளீரென்றது. "மச்சான் வேலைன்னா வேலைதானுங்க" என்று மாப்பிள்ளை என் தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை. அம்மா எலுமிச்சம்பழம் சுற்றி டயருக்கு அடியில் வைத்தாள். "வாரேனுங்ணா" என்று தங்கச்சி கையாட்டினாள்.

அதற்கப்புறம் மூன்று முறை வந்து போனார்கள், மூன்று முறையும் வழியில் பனி இல்லை. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. வால்பாறை மலைப்பாதையில், அட்டகட்டிக்கு மேலே ஒரு வளைவில் ஜீப் சரிந்துவிட்டது என்றார்கள். மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. தங்கச்சியைப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி போட்டு மூடித்தான் எங்களுக்குக் காட்டினார்கள். இருபத்திரண்டு வயது.

போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் நசுங்கி, கதவு ஒன்று இல்லாமல் நின்றது. மேலே இருந்த இரண்டு விளக்குக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்கு என்ன பிடித்து ஆட்டியதோ, உள்ளே கையை விட்டு ஸ்விட்சைத் தட்டினேன். இரண்டும் எரிந்தன. நான் போட்ட கிளிப்பில் ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். தங்கச்சியை நினைத்து அழுகிறேன் என்று ஏட்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, கையைத் தூளி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பழைய முறுக்கெல்லாம் போய்விட்டது. பாதி ஆளாகத் தெரிந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பனி இருக்குதேன்னு லைட்டப் போட்டேனுங்க மச்சான். போட்டதும் முன்னால வெள்ளையாச் செவுரு எழுப்புனாப்பல ஆயிருச்சு. ஒண்ணுமே தெரியலீங்க. அவ, 'ஆஃப் பண்ணுங்க, மேல் லைட்ட ஆஃப் பண்ணுங்க'ன்னு கத்துனா. எனக்குப் புரியறதுக்குள்ள..." என்று நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க நாளெல்லாம் வண்டி வேலை பார்க்கறவரு. மேல வெச்சா இப்படி ஆகுமுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சமையற்கட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். இந்த ஊரையே திட்டித் தீர்த்த வாய் என்னுடையது.

"தெரியாதுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"உங்களுக்கே தெரியலீன்னா எனக்கு எங்கீங்க தெரியும்" என்று சொல்லி, நல்லாயிருந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.