இரண்டு பேருக்குக் கேட்டால் போதும்

மடிக்கணினி எதுவானாலும் மெஹ்ஜபீன் முதலில் அதைத் திறப்பதில்லை. கவிழ்த்துப் போட்டு, விரல் முட்டியால் அடிப்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு தலையைச் சாய்த்து வலது காதை அதன்மேல் வைப்பார். இடது காது சின்ன வயதிலிருந்தே மந்தம். அதற்கும் சேர்த்து வலது காதுதான் உழைக்கிறது. கொண்டுவந்தவர் பாவம், திரை வரவில்லை என்றோ சார்ஜ் நிற்கவில்லை என்றோ சொல்லிக்கொண்டே இருப்பார்.

"அது கெடக்கட்டும்ங்க, அத்த அப்புறம் பாக்கலாம். இந்தப் பொட்டி பேசறது உங்களுக்குக் காதுல விழுதா?"

வந்தவர் விழிப்பார். விழுகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.

"எங்கேருந்து விழுது? அடியிலருந்துதானே? வாயக் கொண்டுபோய் அடிவயித்துல வச்சா அது யார்கிட்ட பேசும்? மேசைகிட்ட பேசும். மெத்தையில வச்சா அதுவும் கெடையாது."

திருவண்ணாமலை தேரடி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பூக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவருடைய மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெயிலில்தான் நிற்க வேண்டும். நாற்பத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொண்டு, வாயில் நாலு ஸ்க்ரூவைக் கவ்வியபடியே பேசுவார். ஒன்றைக்கூட இதுவரை விழுங்கியதில்லை என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஸ்பீக்கரைச் சோதிக்க எல்லோரும் பாட்டுப் போடுவார்கள். மெஹ்ஜபீன் போடமாட்டார். "பாட்டு ஏமாத்தும்ங்க. தாளம் கீளம் போட்டா எந்த ஓட்ட ஸ்பீக்கரும் நல்லாதான் இருக்கும். மனுசன் பேச்சுதான் பரீட்சை" என்பார். அதற்காக அவர் தன் போனில் பதிந்து வைத்திருப்பது பேருந்து நிலையத்தில் ஆள் கூப்பிடும் ஒருவருடைய குரல். "கீழ்பென்னாத்தூர், கீழ்பென்னாத்தூர், கீழ்பென்னாத்தூர்" என்று மூச்சு விடாமல் முப்பது வினாடி. இது தெளிவாகக் கேட்டால் மெஷின் தேறியது. பூக்கடை ஆதிலட்சுமி ஒருநாள் பொறுக்கமுடியாமல், "தெனம் நாப்பது வாட்டி கூப்புடறீங்க, ஒரு வாட்டியாவது ஏறிப் போயிட்டு வாங்களேன்" என்றார்.

கடைக்குள் ஒரு தலையணை, ஒரு எவர்சில்வர் தாம்பாளம், பாதி நிரம்பிய வேர்க்கடலை மூட்டை ஒன்று எப்போதும் இருக்கும். புதிதாக வந்தவர்கள் இது என்ன கடை என்று ஒருமுறை பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மெஷினையும் இந்த மூன்றின் மேலும் வைத்துப் பேசவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். தலையணையில் வைத்தால் அமுங்குகிறதா, தாம்பாளத்தில் வைத்தால் அதிர்கிறதா என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு பஞ்சு நாடாவை நூல் நூலாக வெட்டி ஸ்பீக்கரைச் சுற்றி ஒட்டுவார். ஏன் என்று கேட்டுவிட்டால் நம் வேலை கெட்டது. "முன்னாடி போற காத்து ஒண்ணு, பின்னாடி போற காத்து ஒண்ணு. உள்ள ரெண்டும் சந்திச்சுதுன்னா ஒண்ண ஒண்ணு முழுங்கிடும். அப்புறம் கொசு பாடற மாதிரிதான் கேக்கும். நடுவுல ஒரு சுவரு வச்சா போதும். கம்பெனிக்காரன் இந்த அரை விரக்கட பஞ்சுக்கு எவ்ளோ கஞ்சத்தனம் பண்றான் பாருங்க." இதைச் சொல்லும்போது கண் அகலமாகிவிடும். நாம் கிளம்பிவிட்டாலும் சந்து முனைவரை குரல் பின்னாலேயே வரும்.

இப்படிப்பட்ட ஆளிடம் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை நந்தினி வந்து சேர்ந்தார்.

நந்தினிக்கு முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது. திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் நடக்கும்போது, வேங்கிக்கால் சாலையோரம் ஒரு புங்கமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறார். விசைகள் விரலுக்கு மனப்பாடம். அடித்ததை மடிக்கணினி தமிழில் படித்துச் சொல்லும். அந்தக் குரலை வைத்துத்தான் அவர் பிழை பார்ப்பார். மனு முடிந்ததும் அதே குரல், மனு கொடுக்க வந்தவருக்கும் முழுதாக ஒருமுறை படித்துக் காட்டும். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது.

"ஹெட்போன் போட்டுக்கலாமே" என்றார் மெஹ்ஜபீன்.

"எனக்குக் கேக்கும்க்கா. மனு குடுக்கறவங்களுக்கு? அவங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தாண்ட டைப் அடிக்கறவர்கிட்ட போனா பேப்பர்ல எழுத்தாவது கண்ணுக்குத் தெரியுது. படிக்கத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டிக்கலாம். என்கிட்ட இருக்கறது இந்தக் கொரல் ஒண்ணுதான். இப்ப அதுவும் மேசைத் துணிக்குள்ள முனகிக்கினு கெடக்குது."

நான்கு வாரமாக ஆட்கள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். இன்னும் இரண்டு வாரம் பார்ப்பது, இல்லாவிட்டால் மேசையை எடுத்துவிடுவது என்று நந்தினி முடிவு செய்திருந்தார். "அப்புறம் அண்ணன் வீட்டு ரூம்தான். அங்க உக்காந்து மின்விசிறி சத்தத்தக் கேட்டுக்கினு இருக்கணும்."

மெஹ்ஜபீன் கணினியைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். காதை வைத்தார். வாயில் இருந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, "திங்கக்கெழம உன் பொட்டி எப்படிப் பேசுதுன்னு பாரு" என்றார்.

வந்த மற்ற வேலைகளையெல்லாம் அலமாரிக்கு ஏற்றினார். கிழிந்திருந்த ஸ்பீக்கர்களைக் கழற்றி எறிந்து, ஒரு பெரிய மெஷினிலிருந்து எடுத்த கனமான ஜோடியைப் பொருத்தினார். பஞ்சுச் சுவர் வைத்தார். அடியில் ரப்பர் கால் நான்கு ஒட்டி, மேசையைவிட்டுத் தூக்கி நிறுத்தினார். ஞாயிறு சாயங்காலம் சோதனை. கீழ்பென்னாத்தூர்க்காரர் கூப்பிட்ட கூப்பாட்டில், சந்து முனையில் பையோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பி வந்து, "வண்டி எங்கம்மா நிக்குது?" என்று கேட்டார். மெஹ்ஜபீனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆதிலட்சுமியிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் தன் வெற்றியைப் பார்க்கவென்றே கடையைப் பூட்டிவிட்டு வேங்கிக்காலுக்குப் போனார்.

முதல் ஆளாக வந்தவர் அடி அண்ணாமலையைச் சேர்ந்த சந்திரம்மாள். அறுபது தாண்டியவர். நந்தினியின் காதோரம் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு கால்மணி நேரம் சொன்னார். நந்தினி அடித்து முடித்தார். பொத்தானைத் தட்டினார்.

கணினி படித்தது. அருமையாகப் படித்தது. சந்திரம்மாளின் பெயர், ஊர், அதன்பின், வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்ட ஒரே மகன் இரண்டு வேளைச் சோறு போடாமல் தன்னை மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறான் என்பது வரை, ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் சாலைக்கு அந்தப் பக்கம்வரை போயிற்று. புங்கமர நிழலில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் திரும்பினார்கள். அதில் ஒருவர், "இது நம்ம ஊர் அம்மா இல்ல?" என்றார். சந்திரம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். மனுவைக் கேட்கவுமில்லை, வாங்கவுமில்லை. வேன் நிற்கும் பக்கமாக வேகமாக நடந்து போய்விட்டார்.

மெஹ்ஜபீனுக்கு மூன்று நாள் சந்தோஷமும் ஒரு நிமிஷத்தில் வடிந்துவிட்டது. தலையில் இருந்த பூவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அக்கா, சத்தமா பேச வைங்கன்னு நான் கேக்கல" என்றார் நந்தினி. குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. "எனக்குக் கேக்கணும், அவங்களுக்குக் கேக்கணும். மூணாவது ஆளுக்கு எதுக்கு?"

மெஹ்ஜபீன் சந்திரம்மாள் எழுந்துபோன இடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மனு குடுக்கறவங்க எந்தப் பக்கம் உக்காருவாங்க?" என்று கேட்டார்.

"எப்பவும் வலது பக்கம்தான். இடது பக்கம் மரம்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரம் முழுக்க ஓடியது. வருகிற வாடிக்கையாளர்களையெல்லாம் மெஷினின் வலது பக்கம் ஸ்டூலில் உட்காரவைத்து, தையல் டேப்பால் மெஷினுக்கும் அவர்கள் காதுக்கும் நடுவே அளந்தார். குனிந்து கேட்டால் இரண்டு சாண், நிமிர்ந்து உட்கார்ந்தால் மூன்று சாண். இரண்டு சாண் தூரத்துக்குச் சந்து முனைவரை கத்த வைத்தோமே என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டார். பெரிய ஜோடியைக் கழற்றினார். இனி அடியில் ஸ்பீக்கரே கிடையாது என்பது முடிவாயிற்று. வலது பக்கம் ஒரு வாய் வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் முழுக்க சிடி போடும் தட்டு அடைத்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம், சோற்றில் கை வைத்தபடியே அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆதி, இந்தத் தட்டுல யாரு கடைசியா எப்ப சிடி போட்டாங்க சொல்லு. பத்து வருசமா சும்மா எடத்த அடைச்சுக்கினு இருக்குது. வீடு காலியா இருக்குது, நான் வாசல்ல நின்னு எடம் தேடறேன்."

கையைக் கழுவினாரோ இல்லையோ, தட்டை வெளியே இழுத்துப் போட்டார். அது இருந்த பொந்தின் வாய் நேராக வலது பக்கம் பார்த்தது. ஓர் உடைந்த டேப்லெட்டிலிருந்து சுண்டுவிரல் அகல ஸ்பீக்கரை எடுத்து, அந்த வாயில் நிற்க வைத்து, பின்னால் பஞ்சுச் சுவர் எழுப்பினார். நந்தினிக்காக, விசைப்பலகையின் இடது ஓரத்தில் ஊசித் துளைகள் பதினொன்று போட்டு, அதன்கீழே மேலே பார்க்கும்படி இன்னொன்றை வைத்தார். சத்தத்தைக் கால்வாசிக்குக் குறைத்தார். ஆதிலட்சுமியைப் பூக்கூடையோடு இழுத்து வந்து வலது பக்கம் உட்காரவைத்துவிட்டு, தான் சந்தில் பின்பக்கமாகவே நடந்தார். ஓர் அடி, இரண்டு அடி. ஊர்ப்பெயர் கேட்டது. மூன்றாவது அடியில் பாதிதான் கேட்டது. நாலாவது அடியில் ஏதோ முணுமுணுப்பு, ஐந்தாவதில் அதுவும் இல்லை.

"ஆதி, உனக்கு விழுதா?"

"காதுக்குள்ளயே உக்காந்துக்கினு கூப்புடறான்க்கா."

"எனக்கு விழல" என்றார் மெஹ்ஜபீன். சந்தில் போன ஒரு பெரியவரிடம் வலியப்போய், "எனக்குக் கேக்கலைங்க, ஒண்ணுமே கேக்கல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மிகுந்த இரக்கத்தோடு, வேலூரில் காதுக்கு நல்ல டாக்டர் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மனுவில் கைபேசி எண் இருந்ததால் நந்தினி சந்திரம்மாளைக் கூப்பிட்டார். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, "வேணாம் பாப்பா, பட்டது போதும்" என்றார். நந்தினி விடவில்லை. "ஒரு வாட்டி வாங்கம்மா. மொதல்ல பேரு ஊரு மட்டும் படிக்கச் சொல்றேன். அடுத்தவங்க காதுல விழுந்துதுன்னா எழுந்து போயிடுங்க, நானும் மேசைய எடுத்துடறேன்."

திங்கட்கிழமை வெயில் ஏறிய பிறகுதான் சந்திரம்மாள் வந்தார். உடனே உட்காரவில்லை. மரத்தடியில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். மெஹ்ஜபீனை அடையாளம் கண்டுகொண்டு முகத்தைச் சுளித்தார். பிறகு ஸ்டூலின் நுனியில், எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்தார்.

நந்தினி பொத்தானைத் தட்டினார். சந்திரம்மாளின் தலை சட்டென்று வலது பக்கத்துப் பொந்தை நோக்கித் திரும்பியது. பெயரும் ஊரும் முடிந்ததும் அவர் நிமிர்ந்து, ஐந்தடி தள்ளி நின்ற மெஹ்ஜபீனைப் பார்த்தார்.

"இன்னா சொல்லுச்சு அது?"

"தெரியலைங்கம்மா" என்றார் மெஹ்ஜபீன். அது உண்மையாக இருந்தது. அதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சந்திரம்மாள் சற்றுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலில் நன்றாகப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, "முழுசா படிக்கச் சொல்லு பாப்பா" என்றார்.

கணினி படிக்கத் தொடங்கியது. சாலையில் பேருந்து போனது. மரத்தடியில் யாரோ டீக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. சந்திரம்மாள் குனிந்து, "ஆமா", "ஆமா, அதான்" என்று பொந்தினிடமே சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சு சரியாக ஒட்டியிருக்கிறதா, தணித்த குரல் சிதையாமல் வருகிறதா என்று கேட்டே ஆகவேண்டும்போல் இருந்தது மெஹ்ஜபீனுக்கு. ஒரு மெஷின் பேசும்போது காதைக் கொடுக்காமல் அவர் நின்றதேயில்லை. அவரை அறியாமலே தலை சாய்ந்தது, வலது காது முன்னால் வந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே சந்திரம்மாள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

மெஹ்ஜபீன் இன்னும் ஓர் அடி பின்னால் போய், கேட்கிற அந்த ஒரு காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டார்.