மூன்றரை மணிக்குப் புல்வெட்டு

விமானம் ஓட்டும் ஆசை எனக்கு முப்பத்தொரு வயதில் வந்தது. வவுனியாப் பக்கம் ஒரு சின்ன ஓடுபாதையில் பழகத் தொடங்கினேன். என் பயிற்றுநர் புதுக்குடியிருப்புப் பிள்ளை, என்னைவிட ஐந்து வயது இளையவள். நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள்.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நான் அவசரக்காரி, முன்கோபக்காரி, ஆகாயத்தில் போய் என்ன செய்வேனோ என்ற பயம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"நீ தனியப் பறக்கிற அண்டைக்கு வந்து பாப்பன். என்ர மனம் ஒப்பாட்டி அதோட விட்டுடவேணும்."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் வாக்கு மாறினால் சோறு இறங்காது.

அந்த நாளும் வந்தது. எங்கள் ஊர் அக்கராயனில் அறுவடை மும்முரம். இருந்தும் அம்மா எனக்காக ஒரு நாளை ஒதுக்கினார். முதல்நாள் பின்னேரம் வீட்டிலிருந்தபடியே போனில் விமான நிலைய அறிவித்தல்களைப் பார்த்தேன். ஓடுபாதை மூடியிருக்கிறதா, பக்கத்தில் உயரமாக ஏதும் கட்டுகிறார்களா என்று பார்க்காமல் பக்கத்து வானத்தில் ஒரு சுற்றுக்கூடப் போக முடியாது. ஒரே ஒரு அறிவித்தல்தான் இருந்தது. புல் வெட்டுவதற்காக அதிகாலை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை ஓடுபாதை மூடப்படும்.

வேறு யாராவது என்றால் அந்த இருட்டில் எவன் புல்லு வெட்டுவான் என்று யோசித்திருப்பார்கள். நான் கமக்காரன் மகள். வெயில் ஏறமுதல் வேலையை முடிக்க, டோர்ச்சும் கையுமாக வயலில் இறங்குகிற சனம் நாங்கள். கெட்டிக்காரர், குளிரோடு குளிராக வெட்டப் போகிறார்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஒன்பது மணிக்குப் பறப்பு என்று அம்மாவிடம் சொன்னேன்.

காலையில் இருவரும் முதல் பஸ்ஸில் வந்தோம். அம்மா வேலிக்கு வெளியே குடையோடு நின்றார். நான் விமானத்தைச் சுற்றிப் பரிசோதித்து முடித்தபோது மிஸ் வந்தாள்.

"அக்கா, அறிவித்தல் பாத்தனீங்களோ?"

"ஓம் மிஸ். புல்லுவெட்டு மட்டும்தான். அது விடியவே முடிஞ்சிருக்கும்."

அவள் ஓடுபாதையைப் பார்த்தாள். புல்வெட்டும் பொறியை இழுத்துக்கொண்டு ஒரு ட்ரக்டர் ஆற அமர அங்கே போய்க்கொண்டிருந்தது.

"அதில போட்டிருக்கிறது கிறீன்விச் நேரம், அக்கா. அஞ்சரை மணித்தியாலம் கூட்டவேணும். ஒன்பதில இருந்து பதினொண்டு வரை பூட்டு."

எனக்குத் தெரியாததா? சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தவள் நான். வெட்கத்தில் முகம் எரிந்தது. எனக்கு என்மேல் கோபம் வந்தால் பக்கத்தில் நிற்பவர்தான் வாங்கிக் கட்டவேண்டும்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் முதலே சொல்லேல்லை?" என்று சீறினேன்.

"நீங்கள் கண்டுபிடிக்கிறியளோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். பதினொரு மணிக்கு என்னோட வாங்கோ, பறப்பம். தனிய இண்டைக்கு விடமாட்டன்."

"அம்மா வந்து நிக்கிறா, மிஸ்."

"அம்மா நிக்கிறபடியாத்தான் விடமாட்டன். அவவுக்குக் காட்டவேணும் எண்ட அவசரத்தில ஓடுவியள்."

வேலியடிக்குப் போனேன். இதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒன்றும் மறைக்காமல் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என்னை விட்டுவிட்டு, தூரத்தில் நின்ற மிஸ்ஸைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையோ மறிச்சது?"

"ஓம்."

"நீ ஏசியிருப்பியே?"

"ஏசினனான்."

"ஏசியும் விடேல்லையோ?"

"விடேல்லை."

அம்மா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"முப்பது வருஷமா உன்னை மறிக்க எனக்கு ஏலேல்லை. அவளுக்கு ஏலுது. நீ பழகு, பிள்ளை. அவள் விடுற அண்டைக்குச் சொல்லு, வாறன்."