எதிர்ப்பக்கத்துப் பூங்கா

ஆர்ச்சி டெவனியின் கன்னத்தில் காதிலிருந்து வாய்வரை ஒரு தழும்பு இருந்தது. பதினாறு வயதில் பிளேடு இழுத்த கோடு. கிளாஸ்கோவின் கிழக்கே எங்கள் குடியிருப்பில் அவர் வயதுக்காரர் பலருக்கு அது உண்டு. ரயில் பாலத்துக்கு அப்பால் இருந்தவர்கள் எதிரிகள். பூங்காவும் அந்தப் பக்கம்தான். வெள்ளிக்கிழமைகளில் பாலத்தின்மேல் செங்கல்லும் கத்தியுமாக மோதிக்கொண்டோம். ஆர்ச்சி ஒருமுறை ஒருவன் முழங்காலைச் சுத்தியலால் உடைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

ஐம்பது தாண்டியதும் நெஞ்சுவலி வந்தது. மரங்களுக்கிடையே நடந்தால் ரத்த அழுத்தம் இறங்கும் என்று மருத்துவர் பூங்கா நடைக்குழு ஒன்றுக்கு அனுப்பினார். நடக்காவிட்டால் அடுத்த மாரடைப்பில் பிழைக்கமாட்டார் என்பதையும் மறைக்கவில்லை. அவர் காட்டிய வரைபடத்தில் பூங்கா மிக அருகில் இருந்தது. ஆர்ச்சியோ அந்தப் பாலத்தைச் சண்டைக்குத் தவிர தாண்டியதே இல்லை.

மனைவி மோரீன் திட்டித்தான் அனுப்பினாள்.

"உன்கூடச் சண்டை போட்டவங்க பாதிப்பேர் செத்தாச்சு. மீதிப்பேருக்கு மூச்சு வாங்குது. யாருய்யா உன்னை அடிக்கப் போறா?"

பூங்கா வாசலில் குழுவை நடத்தும் கால்டர் நின்றிருந்தார். வடக்கே ஒரு தீவிலிருந்து வந்தவர். ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க எந்தப் பக்கம்ணே?"

எங்களிடையே அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடையாது. கேட்டவன் கை ஓங்குவதற்குள் அடித்துவிட வேண்டும். ஆர்ச்சி நெற்றியால் அவர் மூக்கில் முட்டினார். எலும்பு நொறுங்கியது. விழுந்தவரின் விலாவில் இருமுறை உதைத்தபிறகுதான், சுற்றிலும் நிற்பவர்கள் கைத்தடி ஊன்றிய கிழவிகள் என்பதைக் கண்டார்.

கால்டர் ரத்தத்தைத் துப்பினார். "வீடு எங்கன்னுதானேய்யா கேட்டேன்."

நீதிமன்றம் ஓராண்டுக்கு ஆர்ச்சி அந்தப் பூங்காவில் நுழையக்கூடாது என்றது. அதன்பின் நெடுஞ்சாலை ஓரமாக, லாரிப் புகையில் இருமிக்கொண்டே நடந்தார். சில நாள் நானும் கூடப் போனேன். யார் பார்க்கப்போகிறார்கள், விடியற்காலையில் பூங்காவுக்கே போய்விடேன் என்று மோரீன் கெஞ்சிப் பார்த்தாள்.

"வேணாம்டி. அங்க எவனாச்சும் சௌக்கியமான்னு கேட்டாக்கூட எனக்குக் கை முந்திடும்."

அவர் நீதிமன்றத்துக்குப் பயந்தவரல்ல. மருத்துவர் சொன்னதில் பிழையில்லை. அந்த வரைபடத்தில் பாலம் வெறும் பாலமாக இருந்தது, அவ்வளவே.

பிப்ரவரியில் லாரிகள் இரைந்த அந்தச் சாலையோரத்திலேயே விழுந்து இறந்தார். ஆம்புலன்ஸ் பூங்காவுக்குள் புகுந்துதான் வந்தது. அதுதான் குறுக்கு வழி.