கொன்றதல்ல, திறந்தது

கண்ணாடிக் குடுவை கழுவுவதற்காகத்தான் அந்த ஆய்வுக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். நியமன ஆணையில் அப்படியே இருக்கிறது; அதை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கழுவிய குடுவையில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, கழித்துப் போட்ட பாடப்புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அகராதியோடு படித்து, ஈரல் செல்களைத் திறக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். பேராசிரியர் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்.

வேலை இதுதான். ஈரலிலிருந்து தனித்தனியாகப் பிரித்தெடுத்த செல்களோடு, டிஜிட்டோனின் என்னும் சோப்புப் போல் நுரைக்கும் பொருளை மிகச் சிறிதளவு சேர்க்க வேண்டும். செல்லின் வெளிச்சவ்வில் கொலஸ்ட்ரால் மிகுதி; அங்கே அது துளையிடும். உள்ளிருக்கும் சிற்றறைகளின் சவ்வில் கொலஸ்ட்ரால் குறைவு, அவற்றை விட்டுவிடும். அளவு குறைந்தால் கதவு திறக்காது. கூடினால் வீடே இடிந்துவிடும். சரியாக அமைந்தால், திறந்த வாசல் வழியே கால்சியத்தை அனுப்பி, உள்ளறைகள் அதை எப்படி வாங்கிச் சேர்த்துக்கொள்கின்றன என்று பார்க்கலாம். வாசல் திறந்ததா என அறிய ஒரு துளி நீலச் சாயம். திறந்த செல்லுக்குள் சாயம் புகும், மூடிய செல்லுக்குள் புகாது. நுண்ணோக்கியின் கீழ் எல்லாம் நீலமாகத் தெரிந்தால் அன்று எனக்கு நல்ல நாள். அதனால் கூடத்தில் என் பெயர் நீலி.

அடுத்த அறையில் இதே சாயத்துக்குப் பொருள் நேர்மாறு. அங்கே செல்களை உயிரோடு வளர்க்கிறார்கள். நீலம் ஏறிய செல் செத்தது என்று கணக்கு. புதிதாக வந்த நிர்வாக மேலாளர் சாயத்தைப் பற்றி அறிந்தது அந்த அறையில்தான். பேராசிரியர் வெளியூர் போயிருந்த நாளில் என் அறைக்குள் வந்து நுண்ணோக்கியில் கண் வைத்தார். ஒரே நீலம். மறுநாள் என் மேசையில் ஆணை கிடந்தது. கவனக்குறைவால் செல்களை மொத்தமாகச் சாகடித்தமைக்காக நான் கிடங்குக்கு மாற்றப்படுகிறேன்; மன்னிப்புக் கடிதம் தந்தால் மறுபரிசீலனை செய்யப்படும்.

கிடங்குக்காரர் பெட்டிகளை ஒதுக்கி எனக்கு இடம் செய்து கொடுத்தார்.

"மெமோன்னா எல்லாருக்கும் ஈரக்குலை நடுங்கும். உனக்கு ஈரக்குலையே பழகின சாமான், அதான் அசையாம உக்காந்திருக்க."

"நடுங்குற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்ணே?"

"ஒண்ணும் செய்யல. அதுக்கென்ன? ரெண்டு சொட்டு விட்டா முடிஞ்சுது. பேரு நீலி, நீலிக்கண்ணீர் விடத் தெரியலையே."

வீட்டில் அக்காவும் அந்தக் கட்சியே.

"மன்னிப்புன்னு எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

"கை தேயாதுக்கா. நான் கொன்னேன்னு நானே எழுதிக் கொடுத்தா, இத்தன வருஷம் திறந்ததெல்லாம் கொன்னதா ஆயிடும்."

"பெரிய வக்கீலு. சாப்பாடு ஆறுது, வா."

பேராசிரியர் திரும்பியதும் மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். பேராசிரியர் விளக்கினார். மேலாளர் மந்தபுத்திக்காரர் அல்லர். பாதியிலேயே புரிந்துகொண்டு சிரித்துவிட்டார்.

"அப்ப இங்க எல்லாம் தலைகீழா? சரிம்மா. ஆனா ஆணை போயாச்சு. 'வருந்துகிறேன்'னு ஒரு வரி எழுதுங்க, ஃபைலை மூடிடலாம். யாரும் படிக்கப் போறதில்ல."

"யாரும் படிக்காத வரிய எதுக்கு சார் எழுதணும்?"

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். "கொஞ்சம் விட்டுக்கொடுங்கம்மா. திங்கக்கிழமை ஈரல் வருது."

"நான் கொல்லலன்னு உங்களுக்குத் தெரியும்தானே சார்? அத நீங்க எழுதிக் கொடுங்க."

அவர் எழுதவில்லை. அவருடைய உபகரணக் கோரிக்கை மேலாளரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஆணையைவிட அந்த மௌனமே எனக்கு உறைத்தது.

வார இறுதிக்குள் இன்னோர் ஆணை வந்தது. கருணை அடிப்படையில் நான் மீண்டும் செல் அறைக்கு அனுமதிக்கப்படுகிறேனாம். பழைய குற்றம் அப்படியே நிற்க, அதன்மேல் கருணை. பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தின் அடியில் எழுதித் திருப்பி அனுப்பினேன்: "கருணை கோரப்படவில்லை. திருத்தம் கோரப்படுகிறது."

திங்கட்கிழமை காலை பேராசிரியரே கிடங்குக்கு இறங்கி வந்தார்.

"ஈரல் வந்தாச்சும்மா. யாரு திறக்கிறது?"

"கொல்லாதவங்க யாராவது இருந்தா, அவங்க திறக்கட்டும் சார்."

கிடங்குக்காரர் இருமலில் சிரிப்பை விழுங்கினார். பேராசிரியர் தாள் கேட்டார். நான் எழுவதற்குள் கிடங்குக்காரர் தாளையும் பேனாவையும் நீட்டிவிட்டார். ஓர் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, நின்றபடியே எழுதினார்: செல்களில் நீலம் ஏறியது பிழையன்று, அதுவே சோதனையின் நோக்கம், பணியாளர் தம் வேலையைச் சரியாகவே செய்தார்.

வாங்கி இருமுறை படித்தேன்.

"தேதி விட்டுப்போச்சு சார்."

தேதி போட்டார். முதல் ஆணை ரத்தாகும்வரை செல் அறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்தத் தாளோடு மேலாளரின் மாடிக்கு ஏறினேன்.